எட்டும் எடையும் நிற்கும் எடையும்

மொழிபெயர்ப்பாளனுக்குத் தொல்லை தருவன பெரும்பாலும் நீண்ட சொற்களல்ல, எளிய சொற்களே. உடற்பருமன் பற்றிய சுவர் அட்டவணை ஒன்றைத் தமிழாக்கும் பணி என்னிடம் வந்தபோது, நோய்ப் பெயர்களும் இரத்தப் பரிசோதனைப் பெயர்களும் எவ்விதச் சிரமமும் தரவில்லை. கடைசி நிரலின் தலைப்புத்தான் என்னை நிறுத்திவைத்தது. எடையைக் குறைக்க விரும்புகிறவர் எந்த அளவில் வந்து நிற்கவேண்டும் என்பதைக் கூறும் நிரல் அது. முன்னைய வெளியீடுகளில் அதற்கு 'இலட்சிய எடை' என்று எழுதும் வழக்கம் இருந்தது. நானும் வழக்கத்தைப் பின்பற்றி அவ்வாறே எழுதி அனுப்பினேன். அது பிழையான சொல் என்பதைச் சின்னக்கானலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அறிந்துகொண்டேன்.

சின்னக்கானல் இடுக்கி மாவட்டத்தில், மூணாற்றிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ள மலையூர். தேயிலையும் ஏலமும் அங்கே பயிர்கள். ஒருபுறம் ஆனையிறங்கல் அணையின் நீர்ப்பரப்பு. கிழக்கே போடிமெட்டைக் கடந்து இறங்கினால் தேனி மாவட்டத்துச் சமவெளி. தலைமுறைகளுக்கு முன் தமிழ்நாட்டிலிருந்து மலையேறிய குடும்பங்கள் தோட்டத்து லயங்களில் இன்றும் தமிழே பேசுகின்றன. ஆதலால் சுகாதார அறிவுரைகள் அங்கே மலையாளத்தோடு தமிழிலும் வேண்டியிருக்கின்றன. அண்மையில் அவ்வூரின் பெயரை நாடறியச் செய்தது ஒரு காட்டானை. அரிசிக்காக நியாயவிலைக் கடையை உடைத்து உடைத்து 'அரிக்கொம்பன்' என்று பெயர் பெற்ற அந்த யானையை 2023 ஏப்ரல் 29ஆம் நாள் பிடித்துப் பெரியாற்றுக் காட்டுக்குக் கொண்டுசென்றனர். அரிசியின்மேல் அத்தனை பற்று யானைக்கு மட்டுமே உண்டென்று நினைப்பவர் நம்முடைய பந்திகளைப் பார்த்தவரல்லர்.

அங்கு நடந்த ஒரு சுகாதார முகாமில், நான் தமிழாக்கிய அட்டவணை சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. கொழுந்து எடுக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஓர் அம்மையாரை எடை பார்த்தார்கள். உயரம் 150 சென்டிமீட்டர். எடை 68 கிலோ. ஆஷா ஊழியர் அட்டவணையில் விரலை வைத்து, "இலட்சிய எடை ஐம்பத்தொன்றரை, அம்மா" என்றார். அம்மையார் சற்று நேரம் அந்த எண்ணையே பார்த்தார். பிறகு, "அது எனக்குக் கல்யாணம் ஆன வருஷத்து எடை" என்று சொல்லிச் சிரித்து, சீட்டை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டார். உடனிருந்தவர்களும் சிரித்தார்கள். ஆஷா ஊழியர் மட்டும் சிரிக்கவில்லை. "இப்படிச் சிரித்துவிட்டுப் போகிறவர்கள் அடுத்த மாதம் வருவதில்லை" என்றார். அவ்வம்மையாருக்குச் சர்க்கரையின் அளவு நீரிழிவின் வாசலில் இருந்தது. அவர் திரும்ப வரவேண்டியது அவசியம்.

பதினாறரை கிலோவைக் குறைக்கச் சொன்ன அந்த எண் எங்கிருந்து வந்தது? எடையை உயரத்தின் இருமடியால் வகுக்கும் கணக்கை 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வகுத்தவர் பெல்ஜியத்தைச் சேர்ந்த கெட்டலே என்னும் புள்ளியியலறிஞர். அவர் நோயாளிகளைப் பற்றி எண்ணவில்லை. மக்கள் கூட்டத்தின் சராசரி மனிதனைத் தேடினார். அக்கணக்கிற்கு 1972இல் உடல் நிறைக் குறியெண் என்று பெயரிட்டுப் பரப்பியவர் ஆன்சல் கீஸ். 'இலட்சியம்' என்ற அடைமொழியோ வேறொரு வழியாக வந்தது. அமெரிக்காவின் மெட்ரோபாலிட்டன் ஆயுள் இன்ஷூரன்ஸ் நிறுவனம் தன் பாலிசிதாரர்களின் இறப்புக் கணக்கைக் கொண்டு 1942–43இல் வெளியிட்ட எடைப் பட்டியல் 'இலட்சிய எடை' என்று வழங்கியது. 1959இல் வந்த பட்டியலில் அது 'விரும்பத்தக்க எடை' என்று தணிந்தது. 1983ஆம் ஆண்டுப் பட்டியலில் அடைமொழியே இல்லை. 'உயரமும் எடையும்' என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். சொல்லைப் படைத்த நிறுவனமே கைவிட்ட பின்னும் அதை விடாமல் சுமந்துவந்த குற்றம் எங்களைப் போன்ற மொழிபெயர்ப்பாளரைச் சாரும்.

குறியெண்ணைக் குறைகூறுவது என் நோக்கமன்று. மக்கள் கூட்டத்தில் நோயின் அபாயம் எங்கே ஏறத் தொடங்குகிறது என்று காட்டுவதற்கு அது நல்ல கருவி. தெற்காசியருக்குக் குறைந்த எடையிலேயே வயிற்றைச் சுற்றிக் கொழுப்புத் தங்கி நீரிழிவு வருவதால், இந்திய மருத்துவ வல்லுநர்கள் 2009இல் கூடி 23ஐ மிகையெடையின் தொடக்கமாகவும் 25ஐப் பருமனின் தொடக்கமாகவும் வகுத்தனர். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்ற இடுப்புச் சுற்றளவையும் அவர்கள் எல்லையாகக் குறித்தனர். ஆயினும் அபாயம் தொடங்கும் இடம் வேறு, அந்த அபாயத்திற்குள் முப்பது ஆண்டு வாழ்ந்துவிட்ட ஒருவர் திரும்பி வந்து நிற்கக்கூடிய இடம் வேறு. அட்டவணை முதலாவதைச் சொல்கிறது. நாம் அதை இரண்டாவதாகப் படித்துக்காட்டுகிறோம்.

எடை என்பது ஒருமுறை விலை கொடுத்து வாங்கிவிடும் பொருளன்று. நாள்தோறும் வாடகை செலுத்தி வைத்துக்கொள்ளும் வீடு. அந்த வாடகையைக் கணக்கிடவும் ஒரு வழி இருக்கிறது. அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனங்களைச் சேர்ந்த கெவின் ஹாலும் அவருடன் பணிபுரிந்தோரும் 2011இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு கிலோ எடை நிலையாகக் குறைய வேண்டுமானால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 24 கலோரியை நிலையாகக் குறைத்துக்கொள்ள வேண்டும். அவ்வாறு குறைத்தால் மாற்றத்தின் பாதி முதல் ஆண்டில் நிகழும்; ஏறக்குறைய முழுமையும் நிகழ மூன்று ஆண்டுகள் ஆகும். 7,700 கலோரி குறைத்தால் ஒரு கிலோ இறங்கும் என்ற பழைய கணக்கைக் கொண்டு மாதந்தோறும் ஒரே அளவாக இறங்கிக்கொண்டே போகலாம் என்று பலர் நம்புகிறார்கள். உடல் சிறுக்கச் சிறுக்க அதன் தேவையும் சிறுத்துவிடுகிறது என்பதை அக்கணக்கு மறந்துவிடுகிறது. ஹாலின் கணக்கும் தோராயமானதே. ஆளுக்கு ஆள் மாறும். எனினும் வாடகை எவ்வளவு என்று மதிப்பிட அது போதும்.

சின்னக்கானல் அம்மையாருக்கு அதைப் பொருத்திப் பார்ப்போம். 68 கிலோவிலிருந்து 64 கிலோவுக்கு வர நாள்தோறும் சுமார் 100 கலோரி. அவர் நாளைக்கு ஐந்து முறை தேநீர் குடிக்கிறார். ஒவ்வொரு முறையும் இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரை. ஒரு தேக்கரண்டி சர்க்கரை 5 கிராம்; அதில் 20 கலோரி. கோப்பைக்கு ஒரு கரண்டியை விட்டுவிட்டால் நூறு கலோரி தீர்ந்தது. இனி, அட்டவணை சொன்ன 51.5 கிலோவுக்கு வாடகை என்ன? நாள்தோறும் 400 கலோரி; அதாவது ஏறத்தாழ 115 கிராம் அரிசி. ஒருவேளைச் சோற்றில் பெரும்பகுதியை இன்று மட்டுமன்று, திருவிழா நாளிலும், பேரப்பிள்ளைகள் வந்திருக்கும் நாளிலும், மழையில் ஊர் முடங்கிக் கிடக்கும் ஆடி மாதத்திலும், ஆயுள் முழுவதும் விட்டுக்கொடுக்க வேண்டும். அவர் சிரித்தது அறியாமையால் அன்று என்பது என் அபிப்பிராயம். இந்த வாடகை தம்மால் ஆகாது என்பதை அவர் நம்மைவிட விரைவாகக் கணக்கிட்டுவிட்டார்.

நான்கு கிலோவால் என்ன பயன் என்று கேட்கலாம். இக்கேள்விக்கு விடை ஆராய்ச்சியில் இருக்கிறது. நீரிழிவு வரும் நிலையிலிருந்த 3,234 பேரைக்கொண்டு அமெரிக்காவில் நடந்த நீரிழிவுத் தடுப்புத் திட்டத்தின் முடிவுகள் 2002இல் வெளிவந்தன. அங்கே வைத்த இலக்கு உள்ள எடையில் 7 சதவிகிதம், வாரத்திற்கு 150 நிமிட நடை, அவ்வளவே. அந்த 7 சதவிகிதத்தைக் கடைசிவரை காத்தவர்கள் பத்தில் நான்கு பேருக்கும் குறைவு. இருந்தும் வாழ்க்கைமுறைப் பயிற்சி பெற்ற பிரிவில் நீரிழிவு தோன்றுவது 58 சதவிகிதம் குறைந்தது. நமக்கு இன்னும் நெருக்கமானது சென்னையில் டாக்டர் அ. இராமச்சந்திரன் குழுவினர் 531 பேரிடம் நடத்தி 2006இல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு. அதில் வாழ்க்கைமுறையை மாற்றிக்கொண்டவர்களின் எடை குறிப்பிடத்தக்க அளவு குறையவே இல்லை. நீரிழிவு தோன்றும் அபாயமோ 28.5 சதவிகிதம் குறைந்தது. தராசு ஒன்றும் சொல்லாதிருந்தபோதே உடலுக்குள் நன்மை நடந்துகொண்டிருந்தது என்பதே இதன் பொருள். இச்செய்தியைத் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் உள்ள ஒவ்வொரு களப்பணியாளரும் அறிந்திருக்க வேண்டும்; ஏனெனில், 'எடை இறங்கவில்லையே, இனி எதற்கு நடக்கவேண்டும்?' என்று கேட்பவருக்குச் சொல்ல இதைவிட நல்ல விடை இல்லை.

இலக்கு பெரிதானால் மனம் என்ன பாடுபடும் என்பதைக் காட்டும் சிறிய ஆய்வு ஒன்று 1997இல் அமெரிக்காவில் வெளியானது. பருமனான 60 பெண்களிடம் சிகிச்சைக்கு முன்பே அவரவர் இலக்கைக் கேட்டார்கள். சராசரியாக, உள்ள எடையில் 32 சதவிகிதம் குறையவேண்டும் என்றார்கள். 17 கிலோ குறைந்தால் அது ஏமாற்றம் என்றும் சொன்னார்கள். 48 வாரச் சிகிச்சையில் அவர்கள் சராசரியாக 16 கிலோ குறைந்தார்கள். எந்த மருத்துவரும் பாராட்டும் வெற்றி அது. அவர்களிலோ ஏறத்தாழப் பாதிப்பேர் தாங்களே 'ஏமாற்றம்' என்று குறித்த எடையைக்கூட எட்டவில்லை.

நெடுங்காலம் எவ்வளவு நிற்கும் என்பதற்கும் சான்று உண்டு. நீரிழிவுள்ள 5,145 பேரை அமெரிக்காவில் பல்லாண்டு பின்தொடர்ந்த 'லுக் அஹெட்' ஆய்வில், தீவிரப் பயிற்சி பெற்றவர்களுள் எட்டாம் ஆண்டின் முடிவில் 5 சதவிகிதத்தையேனும் காத்து நின்றவர்கள் இரண்டில் ஒருவர். அத்தனை ஆண்டு துணைநின்ற பயிற்சியாளர்களும் தொடர்ந்த கூட்டங்களும் இருந்து கிடைத்த பலன் இது. அந்த ஆய்வு இருதய நோயைக் குறைக்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். சின்னக்கானலில் ஒரு லயத்தில் மாதம் ஒருமுறை வந்துபோகும் ஓர் ஊழியரை நம்பி நாம் அதைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு இலக்கை எழுதிவைக்கிறோம்!

எதிர்வாதம் உண்டு, அதை ஒதுக்கிவிட முடியாது. பிரிட்டனில் நடந்து 2017இல் முதல் முடிவுகள் வெளியான 'டைரக்ட்' ஆய்வில், சில மாதம் நாளுக்கு 850 கலோரியளவே உள்ள திரவ உணவு கொடுத்து 15 கிலோவை இலக்காக வைத்தார்கள். ஓராண்டில் 46 சதவிகிதத்தினருக்கும் இரண்டாம் ஆண்டில் 36 சதவிகிதத்தினருக்கும் நீரிழிவு மருந்தின்றியே அடங்கியிருந்தது. 15 கிலோவும் அதற்கு மேலும் குறைந்தவர்களிடம் பலன் மிக அதிகம். ஆகவே பெரிய இலக்கு வீண் என்று நான் சொல்லவில்லை. மருத்துவர் அருகிருந்து, மருந்தை மாற்றியமைத்து, ஒருவரோடு ஒருவராகப் பேசித் தீர்மானிக்க வேண்டியது அது. சுவரில் தொங்கி எல்லாரையும் ஒரே குரலில் அழைக்கும் அட்டவணையின் வேலை அன்று. 2025இல் இந்தியாவில் எடைக் குறைப்புக்கென விற்பனைக்கு வந்த ஊசி மருந்துகளுக்கும் இதுவே பொருந்தும். செமாகுளூடைடு ஊசியால் 68 வாரத்தில் ஏறத்தாழ 17 சதவிகிதம் குறைந்தவர்கள், நிறுத்திய ஓராண்டுக்குள் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கைத் திரும்பப் பெற்றதாக 2022இல் வெளிவந்த தொடராய்வு கூறுகிறது. வாடகையை மருந்து செலுத்திற்று; மருந்து நின்றதும் வீடு காலியாயிற்று.

இலக்கு வைக்கும் முன், இலக்கு வேண்டுமா என்றும் பார்க்கவேண்டும். 2019–21இல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் கேரளத்தில் 38.1 சதவிகிதத்தினரும் தமிழ்நாட்டில் 40.4 சதவிகிதத்தினரும் குறியெண் 25ஐ எட்டியோ கடந்தோ இருந்தனர். அதே கேரளத்தில் பத்தில் ஒரு பெண் 18.5க்கும் கீழே, குறையெடையுடன் இருந்தாள். சரிவில் ஏறியிறங்கிக் கொழுந்து எடுப்பவரும், ஓய்வு பெற்று லயத்து வாசலில் அமர்ந்திருப்பவரும், சுற்றுலா விடுதியில் நாள் முழுதும் மேசைக்குப் பின்னால் இருப்பவரும் ஒரே முகாமுக்கு வருகிறார்கள். உழைப்பு நின்ற பின்னும் பழைய அளவிலேயே சோறு தொடர்பவருக்கு வேண்டிய அறிவுரை, உழைத்துக்கொண்டிருக்கும் மெலிந்த பெண்ணுக்குத் தீங்கு. முயலாமலே எடை இறங்கிவரும் ஒருவரைக் கண்டால் பாராட்டவே கூடாது. அடங்காத நீரிழிவோ காசநோயோ உள்ளே இருக்கலாம். அவரை அன்றே மருத்துவரிடம் அனுப்புக.

தராசைப் பற்றித் தோட்டத்துப் பெண்களுக்கு நாம் கற்பிக்க அதிகமில்லை. வாழ்நாளெல்லாம் கொழுந்தை நிறுத்துக் கொடுத்தவர்கள் அவர்கள். நனைந்த கொழுந்து எடை காட்டும் என்பதும், ஈரத்துக்கென்று ஒரு பங்கு கழிக்கப்படும் என்பதும், அந்தக் கழிவு நியாயமா என்ற வழக்கும் அவர்களுக்குப் பழக்கமானவை. நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வாடி உலர்ந்து ஒரு கிலோத் தேயிலையாவதைப் பார்த்தவரிடம், பட்டினி கிடந்த முதல் வாரத்தில் இறங்கும் இரண்டு கிலோவில் பெரும்பகுதி நீரே என்று சொன்னால் உடனே விளங்கும். ஒரே நாளில் காலைக்கும் மாலைக்கும் ஒரு கிலோ வேறுபடுவது இயல்பு. மாதம் ஒருமுறை, காலையில், ஆகாரத்திற்கு முன், கெட்டியான சமதளத்தில் தராசை வைத்து நிறுத்தால் போதும். தேசியத் திட்டத்தின்கீழ் 30 வயது கடந்தோருக்காக ஆஷா ஊழியர்கள் நிரப்பும் படிவமும் இடுப்புச் சுற்றளவையே கேட்கிறது, எடையை அன்று. நாடா தராசைவிட மலிவு. பாவாடை நாடாவின் முடிச்சு அதனினும் மலிவு, பொய்யும் சொல்லாது.

ஆசிரியர்களுக்கு ஒன்று கூறவேண்டும். வளரும் பிள்ளைக்கு இலக்கு எடை வைக்காதீர்கள். இந்தியக் குழந்தை மருத்துவர் கழகம் 2015இல் வெளியிட்ட வளர்ச்சி வரைபடங்கள் வயதுக்கும் பாலுக்கும் ஏற்ற வளைகோடுகள். ஒற்றை எண்கள் அல்ல. பருமனான பிள்ளைகள் பலருக்கு எடை ஏறாமல் நின்றாலே போதும். உயரம் வந்து கணக்கைச் சரிசெய்துவிடும். வகுப்பில் பெயர் சொல்லி எடையை உரக்க வாசிப்பது மட்டும் எந்த வயதிலும் எந்தக் காரணத்தாலும் வேண்டாம். நான் ஏழாம் வகுப்பில் அவ்வாறு வாசிக்கப்பட்டவன். அந்த எண் இன்றும் நினைவிருக்கிறது. அன்று நடந்த பாடம் நினைவில்லை.

முகாம் முடிந்த மாலையில் ஆஷா ஊழியருடன் அந்த அம்மையாரின் லயத்துக்குச் சென்றேன். அட்டவணையை எடுத்துப்போகவில்லை. ஊழியர் அறுபத்துநான்கு என்ற எண்ணையும், அது ஆண்டுக்கணக்கில் மெல்ல வரும் என்பதையும், அதற்குரிய ஐந்து கரண்டிச் சர்க்கரையையும் சொன்னார். அம்மையார் விரல்விட்டு எண்ணினார்: விடியற்காலை ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, சாப்பாட்டுக்குப் பின் ஒன்று, நான்கு மணிக்கு ஒன்று, இரவில் ஒன்று. "நாலு மணி டீயிலே கை வைக்காதே தாயி, அது என் மகளோடு உட்கார்ந்து குடிக்கிறது. ராத்திரி டீயை வேணும்னா முழுசா விட்டுடறேன்" என்றார். இரவுத் தேநீரின் இரண்டு கரண்டி. மற்ற மூன்றில் ஒவ்வொரு கரண்டி. கணக்கு ஐந்துதான். ஊழியர் குறிப்பேட்டில் அவ்வாறே எழுதிக்கொண்டார்.

அட்டவணையின் மறுபதிப்புக்கு நான் அனுப்பியிருக்கும் திருத்தத்தில் கடைசி நிரலுக்குத் தலைப்பு 'நிற்கும் எடை'. அதன் கீழ் எண்களை அச்சிடாமல், ஊழியர் பென்சிலால் எழுதுவதற்கு இடம் விடுமாறு கேட்டிருக்கிறேன்.